பயணமும் பணப்பையும்

நட்பைப் பற்றிப் பேசும் நம் பழைய நூல்கள் பெரும்பாலும் உயிரைப் பற்றியே பேசுகின்றன. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான் என்று கேட்டு, அவனை நேரில் கண்டிராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து தாமும் உயிர் நீத்தார். பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் காக்கும் பொறுப்பைக் கபிலர் ஏற்றுக்கொண்டார். படிக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் நம் நண்பர்கள் யாரும் நம்மிடம் உயிரைக் கேட்பதில்லை. "சனி, ஞாயிறு இரண்டு நாள் எங்காவது போய்வரலாமா?" என்று கேட்கிறார்கள். தலைக்கு இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகையும் சொல்கிறார்கள். நண்பனுக்காக உயிரையே கொடுக்கக்கூடிய மனிதன்கூட இந்தச் சிறு கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் தவிக்க நேர்கிறது.

நடுத்தரக் குடும்பங்களில் நட்பு பெரும்பாலும் பள்ளிக்கூட பெஞ்சில் தொடங்குகிறது. அங்கே எல்லார் சட்டைப் பையிலும் ஏறக்குறைய ஒரே அளவு சில்லறைதான் இருக்கும். ஒரு தேநீரை இருவர் பங்கிட்டுக் குடித்தால் யார் காசு கொடுத்தது என்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடுகின்றன. ஒருவன் மேலே போகிறான், ஒருவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான், ஒருவன் இறங்குகிறான். இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் நட்பு மட்டும் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. அது எழுந்து ஊர்ப்பயணம் கிளம்பும்போதுதான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது.

என் நண்பர்களையே எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் நால்வர். ஒருவர் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் உயர்ந்த பதவி வகிக்கிறார். இன்னொருவர் வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். கலியாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அச்சடித்துப் பிழைத்த தொழில் அது. அழைப்பிதழைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடும் காலம் வந்தபின் அவருடைய இயந்திரம் வாரத்தில் பாதி நாள் சும்மா இருக்கிறது. மகளின் படிப்புக்கு வாங்கிய கடனும் இருக்கிறது. நான்காமவன் நான்; எழுத்தாளனின் வருமானத்தைப் பற்றி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்குள் பயணப் பேச்சு எழுந்த மூன்று தடவையும் அச்சக நண்பர் வரவில்லை. முதல் தடவை யாருக்கோ கலியாணம். இரண்டாம் தடவை காய்ச்சல். மூன்றாம் தடவை அவசரமான அச்சு வேலை. காரணங்கள் எல்லாம் நம்பத் தகுந்தவையே. ஆனால் காரணங்கள் மூன்று சேர்ந்துவிட்டால் அவற்றுக்குப் பின்னால் சொல்லப்படாத நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது என்பது உலகம் அறிந்தது. இப்படித்தான் பல நட்புகள் சண்டையில்லாமல், சத்தமில்லாமல் முடிந்துபோகின்றன. யாரும் யாரையும் விலக்குவதில்லை. ஒருவர் வராமல் இருக்கிறார். மற்றவர்கள் கொஞ்ச காலம் அழைக்கிறார்கள். பிறகு அழைப்பதை மறக்கிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, சமப் பங்கு. நான்கு பேர் போனால் செலவை நான்காக வகுப்பது. இதற்கென்றே இப்போது கைப்பேசியில் செயலிகள் வந்துவிட்டன. காப்பி குடித்ததிலிருந்து ஆட்டோ ஏறியதுவரை எழுதிவைத்து, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று பைசா சுத்தமாகக் காட்டிவிடுகின்றன. பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான முறை இல்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவாக இருக்கும் தொகை இன்னொருவருக்கு ஒரு மாதத்து மளிகைக் கணக்காக இருக்கும்போது, சமப் பங்கு என்பது தாளில் மட்டுமே சமமாக இருக்கிறது.

இரண்டாம் வழி, வசதியுள்ளவர் இல்லாதவருக்கும் சேர்த்துச் செலவழிப்பது. இது தாராளம். கேட்க இனிமையாக இருக்கிறது. நண்பர்களின் பொருள் எல்லாருக்கும் பொது என்ற பழமொழி பழைய கிரேக்கர்களிடையே வழங்கி வந்தது. அரிஸ்டாட்டில் அதைத் தம் அறநூலில் எடுத்தாள்கிறார். அந்த நூலின் 10 பகுதிகளில் முழுதாக 2 பகுதிகளை அவர் நட்புக்கே ஒதுக்கியிருக்கிறார். ஏற்றத்தாழ்வு உள்ள நட்பைப் பற்றியும் அங்கே சொல்கிறார். உயர்ந்த நிலையில் உள்ளவருக்கு மதிப்பும், தேவையுள்ளவருக்குப் பொருளும் கிடைத்தால் இருவர் கணக்கும் நேராகிவிடும் என்பது அவர் கருத்து.

இந்த இடத்தில் அந்தப் பேரறிஞரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பொருளுக்கு ஈடாக மதிப்பைக் கொடுப்பது என்றால் என்ன? பிறர் செலவில் பயணம் வருகிறவரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். செலவழிப்பவர் ஓர் உணவு விடுதியைக் காட்டினால், "ஓ, பிரமாதம்" என்கிறார். பசி இல்லாவிட்டாலும் சாப்பிடுகிறார். கால் வலித்தாலும் நடக்கிறார். செலவழிப்பவர் சொல்லும் பழைய வேடிக்கைக்கு மற்றவர்களைவிட அரை நொடி முன்னதாகச் சிரிக்கிறார். யாரும் அவரை இப்படியெல்லாம் இருக்கச் சொல்லவில்லை. செலவழிப்பவர் நல்லவராகவே இருக்கலாம். கொடுத்ததை அடுத்த கணமே மறந்துவிடுபவராகவும் இருக்கலாம். ஆனாலும் வாங்கிக்கொண்டவர் தாமாகவே ஒன்றை இழந்துவிடுகிறார். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமைதான் அது.

நண்பர்களுக்குள் அந்த உரிமை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? திருக்குறளில் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் நடுவில் நிற்பது 'பழைமை'. நெடுநாள் நண்பர்கள் ஒருவரிடம் ஒருவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றியது அந்த அதிகாரம். நண்பன் கேட்காமலே நம் காரியத்தில் கை வைக்கிறான். நாம் முகம் சுளிக்காமல் இருக்கிறோம். முணுமுணுக்கவும், மறுக்கவும், "போடா, நான் வரவில்லை" என்று படுத்துக்கொள்ளவும் இடம் இருந்தால்தான் அது பழைய நட்பு. புதிதாக அறிமுகமானவரிடம் நாம் அப்படி நடந்துகொள்வதில்லை. பிறர் செலவில் வந்த நண்பர், எத்தனை நாள் பழகியவரானாலும், அந்த இரண்டு நாளும் புதியவரைப் போல மரியாதையாக இருக்கிறார். அதைப் பார்ப்பது துயரமானது.

இனி மூன்றாம் வழி. கூட்டத்தில் யாருடைய பணப்பை சிறியதோ, அந்த அளவுக்குப் பயணத்தைத் தைத்துக்கொள்வது.

எங்கள் வங்கி நண்பர் செய்தது இதைத்தான். நான்காம் தடவையாக மைசூர் போவதென்று பேச்சு வந்தது. சென்னைக்கும் மைசூருக்கும் இடையே 2022 நவம்பரிலிருந்து வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. அதில் இரண்டு வகுப்புகள். உயர்ந்த வகுப்பின் கட்டணம் மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கணிப்பொறி நண்பர் அதில்தான் போகவேண்டும் என்றார். வங்கி நண்பரோ, "எனக்குக் குளிர்சாதனம் ஒத்துக்கொள்ளாது. முழங்கால் பிடித்துக்கொள்ளும். காவேரி எக்ஸ்பிரஸில் சாதாரணப் படுக்கை வகுப்பு போதும்" என்று பிடிவாதமாக நின்றார். வெள்ளிக்கிழமை இரவு ஏறினால் சனிக்கிழமை காலையில் மைசூர். ஓர் இரவுக்கு அறை வாடகையும் மிச்சம். அங்கே ரயில் நிலையத்துக்கு அருகில் நான்கு கட்டில் போட்ட ஒரே அறை. தலைக்கு ஆகும் தொகையைச் சொன்னதும் அச்சக நண்பர், "இந்த வாரம் எனக்கு வேலை ஒன்றும் இல்லை" என்றார்.

சாமுண்டி மலைக்கு நாங்கள் படி வழியாக ஏறினோம். 1,000-க்கும் மேற்பட்ட படிகள். பாதிக்கு மேல் ஏறினால், ஒரே பாறையில் செதுக்கிய 17-ஆம் நூற்றாண்டு நந்தி வருகிறது. எங்களில் கணிப்பொறி நண்பருக்குத்தான் மூச்சு வாங்கியது. நாற்பது படிக்கு ஒரு தடவை அவர் உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். அச்சக நண்பர் மூன்று ஆள் பலத்தோடு ஏறக்கூடியவர். ஆனால் அவரும் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தார். "உன்னால் நான் மெதுவாக ஏறவேண்டியிருக்கிறது" என்று யாரும் சொல்லவில்லை. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றும் யாரும் முன்வரவில்லை. அவர் வேகமே எங்கள் வேகமாயிற்று.

நந்தியின் அருகே இளைப்பாறும்போது கணிப்பொறி நண்பர் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டார். "ஏண்டா, நான் சம்பாதித்ததை உங்களுக்காகச் செலவழிக்க எனக்கு ஆசை இருக்காதா? அதைத் தடுக்க நீங்கள் யார்?" வங்கி நண்பர் பதில் சொல்லாமல் கீழே தெரிந்த ஊரைப் பார்த்தார். அச்சக நண்பர்தான் பேசினார்.

"இவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம்! இத்தனை வருஷம் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவன். எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா? தெரிந்துதான் வந்தேன். ரயில் சீட்டு என் காசு, அதனால் வந்தேன். நீ வாங்கிக் கொடுத்திருந்தால், இப்போது உன்னைப் பார்த்து 'தொந்தி பெருத்துவிட்டதடா' என்று எப்படிச் சொல்வேன்?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் கணிப்பொறி நண்பரின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது என்றே நினைக்கிறேன். கொடுப்பதும் ஓர் இன்பம். அந்த இன்பத்தை ஒருவருக்கு ஒரேயடியாக மறுப்பது நியாயமா? இல்லாதவரின் மானத்தை மட்டும் எண்ணி, இருப்பவரின் அன்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் ஒருவகை அநீதிதானே? பண்டத்தின் விலையைக் குறைத்துவிட்டால் அறம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

இதற்கு எனக்குத் தோன்றும் விடை இது. பரிசு வேறு, செலவைத் தாங்குவது வேறு. பரிசுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. நண்பரின் மகளுக்கு ஒரு நல்ல புத்தகமோ, வீட்டுக்கு ஒரு டப்பா மைசூர்பாகோ வாங்கிக் கொடுக்கலாம். அவர் வாங்கிக்கொள்வார், அடுத்த தீபாவளிக்குத் தம் அச்சகத்தில் அடித்த நாட்காட்டியைக் கொடுத்து நிமிர்ந்து நிற்பார். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இருக்கையும், உண்ணும் சோறும், படுக்கும் கட்டிலும் இன்னொருவருடையதாக இருந்தால், அந்த இரண்டு நாளும் அவர் நிற்பதற்குச் சொந்தமான இடமே இல்லாமல் போகிறது.

மைசூரில் யாதவகிரிப் பகுதியில் ஆர்.கே.நாராயண் வாழ்ந்த வீடு 2016 முதல் நினைவகமாக இருக்கிறது. 1952-இல் வெளிவந்த அவருடைய நாவல் ஒன்றில் மார்கய்யா என்று ஒரு மனிதர் வருகிறார். கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு, கிராமத்தாருக்குக் கடன் வாங்கும் வழி சொல்லிப் பிழைக்கிறவர். கையில் காசு இல்லாததைவிட, காசு இல்லாதவன் என்று பிறர் கண்ணில் படுவதே அவரை அதிகமாக உறுத்துகிறது. வறுமையைப் பற்றி எழுதியவர்கள் பலர். இந்த உறுத்தலைப் புரிந்துகொண்டு எழுதியவர்கள் சிலரே. நண்பர்களுக்குள்ளும் இந்த உறுத்தல் உண்டு. ஏன், நண்பர்களுக்குள்தான் அது அதிகம். அந்நியரின் பார்வையை ஒருவன் அலட்சியம் செய்துவிடலாம். பெஞ்சுத் தோழனின் பார்வையை அப்படிச் செய்ய முடியாது.

சிறிய பணப்பையின் அளவில் அமைந்த பயணத்தில் ஊரின் அழகு குறைந்துவிடுமோ என்று கேட்கலாம். மறுநாள் தேவராஜா மார்க்கெட்டில், குவியல் குவியலாக வைத்திருந்த வண்ண வண்ணக் குங்குமத்தின் எதிரே அச்சக நண்பர் நின்றுவிட்டார். மை கலந்து பழகிய கண் அல்லவா? ஒவ்வொரு சிவப்பும் வேறு சிவப்பு என்று எங்களுக்குக் காட்டினார். கணிப்பொறி நண்பர் அரண்மனைக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். "நீ போ, நான் வரவில்லை" என்றார் அச்சக நண்பர். இருவருக்கும் நல்ல சண்டை. ஒரு மணி நேரம் மார்க்கெட்டிலேயே கழிந்தது. அந்தச் சண்டையைக் கேட்டபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

பழைய மர அரண்மனை 1897-இல் தீப்பிடித்து அழிந்தபின், ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி 1912-இல் கட்டி முடித்தது இப்போதுள்ள அரண்மனை. அந்தக் காலத்திலேயே 41 லட்ச ரூபாய்க்கு மேல் செலவானதாகச் சொல்கிறார்கள். ஞாயிறு மாலையில் அதில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரிகின்றன. தெருவில் நின்று பார்க்கிறவருக்கும் அது அதே வெளிச்சம்தான். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் இரவு ரயிலுக்கு நடந்தோம்.

மூன்றாம் வழியிலும் ஒரு குறை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. வங்கி நண்பர் முழங்காலைச் சாக்காகச் சொன்னதுபோல, அதில் ஒரு சிறு பொய் ஒட்டிக்கொள்கிறது. எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் தெரியாததுபோல் இருக்கும் பொய். அதைவிட மேலானது, இல்லாதவர் தாமே வாய் திறந்து, "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று சொல்வது. கலியாணம், காய்ச்சல் என்று சாக்குச் சொல்லி ஒதுங்குகிறவர், தம் நண்பர்களைத் தாழ்வாக மதிப்பிடுகிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே, அதைக் கேட்கக்கூடிய காதுகள் இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரியச் செய்வது இருப்பவர்களின் கடமை.

நண்பனுக்காக உயிர் கொடுக்கும் சந்தர்ப்பம் நம்மில் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் வரப்போவதில்லை. சனியும் ஞாயிறும் வாரந்தோறும் வருகின்றன. அடுத்த தடவை எங்காவது போகலாம் என்று பேசும்போது, ஊரின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், போன தடவை யார் வரவில்லை என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.