சிறுநடையும் நெடுவழியும்



இன்று யான் பேசத் துணிந்த பொருள் நடை. ஒழுக்கம் என்னும் பொருளில் வழங்கும் நடை அன்று. இரு கால்களால் மண்ணில் நடக்கும் நடையே. இதற்கும் ஒரு தம்மப் பிரசங்கமா என்று நகைப்போர் நகைக்கட்டும். பகவன் ஞானம் பெற்ற நாள்முதல் பரிநிர்வாணம் எய்தும்வரை 45 ஆண்டுகள், மழைக்கால வாசம் நீங்கலாக, ஊர்விட்டு ஊர் நடந்தே தம்மத்தை விளக்கினார் என்பதை அவர்கள் நினைப்பார்களாக.

அங்குத்தர நிகாயத்தில், ஐந்தின் தொகுதியில், நடத்தலைப் பற்றிய ஒரு சிறு சூத்திரம் உளது. அதில் பகவன் புகழ்வது நெடும்பயணத்தை அன்று. ஓரிடத்திலேயே முன்னும் பின்னுமாய் நடந்து திரும்பும் சிறுநடையை. பாலியில் அதனைச் சங்கமம் என்பர். ஆறுகள் கூடும் சங்கமத்திற்கும் இதற்கும் உறவில்லை. யான் வெகுநாள் அவ்வாறே எண்ணி மயங்கியிருந்தேன். அச்சிறுநடையால் விளையும் நன்மைகள் ஐந்து. நெடுவழி செல்லும் ஆற்றல், முயற்சியில் தளராமை, நோய்க் குறைவு, உண்டது செரித்தல், நடையில் பெற்ற மன ஒருமை நெடிது நிற்றல் என்பனவே அவை. இவற்றுள் முதலாவதைக் கவனியுங்கள். நெடுவழி செல்லும் ஆற்றல் சிறுநடையிலிருந்தே பிறக்கின்றது. புத்தகயை மகாபோதி ஆலயத்தின் வடபுறத்தில் தாமரை மலர்கள் செதுக்கிய நீண்ட கல்மேடை ஒன்று இன்றும் உண்டு. ஞானம் பெற்றபின் மூன்றாம் வாரத்தில் பகவன் அங்கே முன்னும் பின்னுமாய் நடந்தார் என்பது மரபு.

இச்சூத்திரத்தைப் பலமுறை ஓதியிருந்தும், அதன் பொருள் உள்ளே இறங்காமையால், யான் ஒரு பெரும்பிழை செய்தேன். அதனை மறைக்காது சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

யான் பெங்களூரில் ஒரு நூற்பாலையில் ரிங்பிரேம் பகுதியில் சைடராக உழைத்தவன். இரண்டு இயந்திரங்களுக்கு இடைப்பட்ட சந்தில், அற்ற இழைகளை ஒட்டிக்கொண்டு, நாள்தோறும் எட்டுமணி நேரம் நடந்த கால்கள் இவை. ஆலை மூடப்பட்டபின் உட்கார்ந்து படிப்பதும் எழுதுவதுமே வேலையாயிற்று. சில ஆண்டுகளில் உடல் பருத்தது. பஞ்சுத் தூசு குடித்த மார்பு மாடிப்படி ஏறினாலே இரைத்தது. ஆயினும், நடந்து பழகியவன் என்னும் அகந்தை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

பண்டிதர் அயோத்திதாசர் 1898-ல் தோற்றுவித்த சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதை நீங்கள் அறிவீர்கள். வைசாகப் பௌர்ணமியன்று பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயல் விகாரைக்கு நடந்தே செல்வோம் என்று ஒரு கூட்டத்தில் யான் முழங்கினேன். மாரிக்குப்பம் வரை இரயில் பாதை 16 கிலோமீட்டர். அது ஒரு தொலைவா என்றும் கேட்டேன். கைதட்டல் பலமாயிருந்தது. என்னோடு அதே சந்தில் உழைத்தவர், என்னினும் எட்டாண்டு மூத்தவர், நீரிழிவுடையவர், எழுந்து வந்து, "தம்பி, நீ போனால் நானும் வருவேன்" என்றார். யான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஓராள் கூடினால் கூட்டம் பெரிதாகுமே என்று மகிழ்ந்தேன்.

ஒருநாளும் பழகாமல் புறப்பட்டோம். அதுவும் மே மாத வெயிலில், காலை ஒன்பது மணிக்குமேல். நண்பர் அந்நாளுக்கென்றே புதுச்செருப்பு வாங்கி அணிந்திருந்தார். பாதி வழிக்கு முன்பே எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் உட்கார வெட்கம். பிரசங்கி உட்கார்ந்தால் பிறர் யாது நினைப்பர்! முடிவில், உடன் வந்த இளைஞர்கள் எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினர். அன்றிரவு நண்பர் செருப்பைக் கழற்றியபோது உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து செருப்பு நனைந்திருந்தது. நீரிழிவால் மரத்த பாதமாதலின் அவருக்கு வலி தோன்றவே இல்லை. புண் ஆறவில்லை. ஆடி மாதத்தில் ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. கட்டிலில் கிடந்தவர் என்மேல் ஒரு குறையும் சொல்லாமல், "விகாரைக்குப் போய்ச் சேரவில்லையே, தம்பி" என்று அதற்கே வருந்தினார்.

அன்றிரவு உறக்கம் பிடியாமல் விநயத்தின் மகாவக்கத்தைப் புரட்டினேன். சம்பா நகரத்துச் செல்வர் மகன் சோணர், உள்ளங்காலில் மயிர் முளைக்கும் அளவு மென்மையாய் வளர்ந்தவர். துறவு பூண்டபின், இராசகிருகத்துச் சீதவனத்தில் வெறுங்காலோடு இடைவிடாது நடந்து, பாதம் பிளந்து, நடைபாதை முழுதும் குருதி தோய்ந்தது. இத்தனை முயன்றும் பயன் காணேனே, வீட்டிற்கே திரும்பலாமோ என்று அவர் எண்ணியபோது பகவன் வந்து, அவர் முன்பு வாசித்த வீணையைப் பற்றி வினவினார். நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறவாது என்பதை அவர் வாயாலேயே சொல்வித்தார். இதுவரை நாம் எல்லோரும் மேடையில் சொல்லும் வரலாறு. இதன்பின் வருவதை யாரும் சொல்லக் கேட்டிலேன், யானும் சொன்னதில்லை. முயற்சியைச் சமனாக்கிச் சோணர் அருகத்து நிலை எய்தினார். அவருக்குப் பகவன் செருப்பணிய அனுமதி தந்தார். சங்கத்தார் அனைவர்க்கும் தந்தாலன்றித் தாம் ஏற்பதற்கில்லை என்றார் சோணர். அவ்வாறே ஒற்றைத்தோல் செருப்பு எல்லோர்க்கும் அனுமதிக்கப்பட்டது. குருதியைக் கண்டவிடத்துப் பகவன் அதனை வீரமென்று புகழவில்லை, தோழர்களே. காலுக்குச் செருப்புக் கொடுத்தார்.

ஆலையில் இதனை நாங்கள் அறிந்தேயிருந்தோம்! புதிய ரிங்கு பொருத்திய இயந்திரத்தை எடுத்தவுடன் முழுவேகத்தில் ஓட்டுவாருண்டோ? வேகத்தைக் குறைத்து வைத்து, ரிங்கின்மேல் ஓடும் சிறு எஃகுத் துண்டை அடிக்கடி மாற்றி, நாளடைவிலேயே கதிரின் வேகத்தை ஏற்றுவர். அத்துண்டின் பெயரே டிராவலர், அதாவது வழிப்போக்கன். பல்லாண்டு கையில் பிடித்த பாடம் காலுக்கு எட்டவில்லை.

புண் ஆறி, மருத்துவர் இசைந்தபின், இருவரும் மீண்டும் தொடங்கினோம். முதல் வாரம் எங்கள் தெருமுனைக் குழாயடிவரை போய்த் திரும்புதல். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். பிள்ளைகள் சிரித்தனர். வாரந்தோறும் சிறிதளவே கூட்டினோம். பேசிக்கொண்டே நடக்க இயலுமானால் வேகம் தக்கது. பேச்சு அறுந்தால் வேகம் மிகுதி. மறுநாட் காலையிலும் முழங்கால் வலித்தால் அவ்வாரம் கூட்டுவதில்லை. மார்பில் வலியோ இறுக்கமோ கண்டால் நின்றுவிட வேண்டும். அது மருத்துவரிடம் செல்லவேண்டிய செய்தி, மனவுறுதியால் வெல்லவேண்டிய ஒன்றன்று. நீரிழிவுடையோர் காலுறையும் பழகிய செருப்பும் இன்றி நடத்தலாகாது. அணியுமுன் செருப்பினுள்ளே கல் கிடக்கின்றதா என்று கைவிட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். நண்பர் இதற்கென ஒரு சிறு கண்ணாடி வைத்திருக்கிறார்.

தெருவில் முக்கால்மணி நேரம் நடக்கும் ஆற்றல் வந்தபின்னரே ஊர்ப்புறம் சென்றோம். ஞாயிறுதோறும் இரயிலில் போய் ஏதேனும் ஒரு சிறு நிலையத்தில் இறங்கி, கேழ்வரகுக் கொல்லைகளின் நடுவே நடப்போம். தார்ச்சாலையில் பழகிய கால் வரப்பில் தடுமாறும். கணுக்காலுக்கு அது வேறொரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு வாரமும் ஒரு கிலோமீட்டர் கூட்டுவோம். நான்காம் வாரம் வேண்டுமென்றே குறைத்துவிடுவோம். குறைக்கும் வாரத்தில் என் மனம் படும் பாட்டைக் காண நண்பருக்கு ஒரே சிரிப்பு.

உட்காரும் வெட்கம் எனக்குத் தீர்ந்த வகையையும் சொல்லவேண்டும். மகாபரிநிப்பாண சூத்திரத்தில், எண்பது வயதில், பகவன் இராசகிருகத்திலிருந்து புறப்பட்டு, நாளந்தா, பாடலிகாமம், கங்கை கடந்து வைசாலி, பாவா என்று நடந்து குசினாராவை அடைகிறார். பேலுவ ஊரில் கடும்நோய் கண்டு, தம் உடலை வார்கட்டி ஓட்டும் பழைய வண்டிக்கு ஒப்பிடுகிறார். பாவாவைக் கடந்தபின் ஒரு மரத்தடியில் மேலாடையை மடித்து விரிக்கச் சொல்லி, களைத்தேன் என்று ஆனந்தரிடம் வெளிப்படையாகவே கூறி அமர்ந்து, குடிக்க நீர் கேட்கிறார். அக்கடைசி வழியில் 25 இடங்களில் அவர் அமர்ந்ததாக உரையாசிரியர் கூறுவர். ததாகதர் அமர்ந்த வழியில், யான் யார் அமர நாணுவதற்கு?

மறு ஆண்டு மார்கழிப் பௌர்ணமியன்று, விடியுமுன் பங்காருப்பேட்டையில் இறங்கினோம். இம்முறை யாருக்கும் அறிவிக்கவில்லை. பனி விலகுமுன் சரிபாதி கடந்துவிட்டோம். ஒன்பது இடங்களில் அமர்ந்தோம்; ஓரிடத்தில் நண்பர் எனக்காக, மற்றோரிடத்தில் யான் அவருக்காக. 2001-ல் மூடப்பட்ட சுரங்கங்களின் சயனைடு மண்மேடுகள் தொலைவில் வெளுத்துத் தோன்றியதும் அவர் நின்றார். எத்தனையோ தலைமுறை உழைப்பு அந்த மேட்டில் கிடக்கிறது, தம்பி, என்றார். வேறு பேசவில்லை.

விகாரையின் வாயிற்படியில் அமர்ந்து முதலில் காலுறையைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து, உள்ளங்காலின் கீழே பிடித்து, இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புக்கூட இல்லை. அதன்பின்னரே கைகால் கழுவிக்கொண்டு உள்ளே சென்றார்.