யாரோட சாமி?

போன வருஷம் கேரித் தீவுக்குப் போனபோது ஒரு மர முகமூடி வாங்கினேன். விலை 300 வெள்ளி. சுங்கை பூலோவில் எங்கள் வீட்டு ஹாலில் ஆணி அடித்து மாட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது யாரோட சாமிடா?"

"சாமி இல்லம்மா, கைவினைப் பொருள்" என்றேன். சொல்லும்போதே உறுத்தியது.

அதைச் செதுக்கியவர்கள் மஹ் மெரி மக்கள், சிலாங்கூர் கடலோரப் பூர்வகுடிகள். அந்த முகம் அவர்களுடைய மோயாங், அதாவது மூதாதையரின் ஆவி. ஹரி மோயாங் நாளில் ஆண்கள் முகமூடி அணிந்து ஆடுவார்கள். பெண்கள் ஓலையில் பின்னிய உடையோடு சுற்றி வருவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் டான் மக்களுக்கும் முகமூடி என்றால் உடை, ஆட்டம், இசை எல்லாம் சேர்ந்ததுதான். அருங்காட்சியகச் சுவரில் மிஞ்சுவது மரம் மட்டும். எங்கள் ஹாலிலும் அதுதான் தொங்குகிறது.

அப்படியென்றால் நான் வாங்கியது தப்பா? "புனிதமானதை அவங்க விக்கவே கூடாது" என்றான் நண்பன். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுவாமிமலை ஸ்தபதியும் சிலையை விற்கத்தான் செய்கிறார்; கண் திறந்து பூஜை நடந்த பிறகுதான் அது சாமி. செதுக்கியவர் மனமுவந்து விற்றார், நான் காசு கொடுத்தேன். மாதச் சம்பளம் வாங்கும் நாம், அவர்கள் மட்டும் கலப்படமில்லாத பழங்குடியாக இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆனாலும் உறுத்தல் போகவில்லை. சகோங் தாசி வழக்கைப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கில் பக்கம் தெமுவான் பூர்வகுடிகளின் நிலம் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் பயிருக்கும் மரங்களுக்கும் இழப்பீடு கொடுத்தார்கள். நிலத்துக்கு மட்டும் இல்லை. அந்த நிலமும் அவர்களுடையதே என்று 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

மரத்துக்குக் காசு, மண்ணுக்கு இல்லை. நான் செய்ததும் அதேதானே? முகத்தை வாங்கிக்கொண்டேன். அந்த முகம் பிறந்த சதுப்புக்காட்டைப் பற்றியும், தீவு முழுக்கச் செம்பனையான கதையைப் பற்றியும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். காட்டை அழிக்க முடிவெடுத்தவர்கள் அவர்கள் இல்லை என்பது உண்மை. அதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் இந்த வலி நமக்குத் தெரியும். தோட்டத்துக் கோயிலை உடைக்க வந்தால் நாம் கொதிக்கிறோம். பட்டா இல்லாவிட்டால் என்ன, நாலு தலைமுறையாகக் கும்பிட்ட இடம் என்கிறோம். அந்த வாதம் சரி என்றால், நமக்கு முன்பே இங்கே இருந்தவர்களுக்கும் அது சரிதான். அவர்கள் நிலம் போகும்போது நாம் சத்தம் போட்டிருக்கிறோமா? நான் போட்டதில்லை.

முகமூடியை இன்னும் கழற்றவில்லை. கழற்றி அலமாரியில் வைத்தால் இந்தக் கேள்வியும் அதோடு உள்ளே போய்விடும். அம்மா அதற்குக் கீழே செருப்பு வைக்க யாரையும் விடுவதில்லை. யாரோட சாமி என்று அவருக்கு இன்னும் தெரியாது. யாரோ ஒருவருடையது என்பது மட்டும் தெரியும்.