யாரிடம் சொல்ல வேண்டும்?

வலிப்பு உள்ள பெண் அதை வெளியே சொல்ல வேண்டுமா? இந்தக் கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் வரன் பார்க்கும்போதுதான் எழுகிறது. அதே பெண் ராஜபாளையத்து நூற்பாலைக்கு வேலைக்குப் போகும்போதோ, ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாக பஸ் ஏறும்போதோ யாரும் கேட்பதில்லை. விழுந்தால் அடிபடக்கூடிய இடங்கள் அவைதான்.

சட்டமும் நெடுநாள் மாப்பிள்ளை வீட்டுக் கண்ணோடுதான் பார்த்தது. 1976 திருத்தத்துக்குப் பிறகு இந்துத் திருமணச் சட்டம், அடிக்கடி வரும் வலிப்பை மனநோயோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்தது. 1999இல்தான் அந்தச் சொல் நீங்கியது. ஆனால் முக்கியமான விவரத்தை மறைத்துச் சம்மதம் பெற்றதாகச் சொல்லி வழக்குப் போட இன்றும் இடமிருக்கிறது. சொன்னால் வரன் தட்டிப்போகும், மறைத்தால் ஏமாற்றுக்காரி.

இருந்தும் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்றே நினைக்கிறேன். பழுதில்லாத பெண்ணைப் பெறும் உரிமை மாப்பிள்ளைக்கு இருக்கிறது என்பதற்காக அல்ல. மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்து வாழ முடியாது. வேளை தவறினால் வலிப்பு வரும். சோடியம் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது. மறைத்து வாழ்பவளால் இதில் எதைச் செய்ய முடியும்?

ஆக, சொல்வதில் இரண்டு வகை உண்டு. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொல்வது ஒன்று. பக்கத்தில் இருப்பவரிடம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைப்பது மற்றொன்று. "அக்கா, எனக்கு வலிப்பு வரும். விழுந்துட்டா பிடிச்சு அமுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா 108க்குக் கூப்பிடுங்க. சேலை விலகியிருந்தா சரிபண்ணி விடுங்க." கடைசி வாக்கியத்தை எந்த முதலுதவிப் பாடத்திலும் பார்க்க முடியாது. பெண்களுக்கு அந்தப் பயமும் சேர்ந்தே இருக்கிறது.

ஆலையில் மேற்பார்வையாளரிடமும் சொல்லத்தான் வேண்டும். ஓடும் இயந்திரம் ஆபத்து. இரவு ஷிப்டில் தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரலாம். ஆனால் சொன்ன மறுநாள் வேலை போய்விடும் என்றால், சொல்லாதவளைக் குறைகூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது? உண்மை பேசுவதற்கான செலவு முழுவதையும் அவள் தலையில் கட்டிவிட்டு, நேர்மையையும் அவளிடமே கேட்பது நியாயமல்ல.

ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தில் ஒருத்தி விழுந்தால் யாரோ சாவிக்கொத்தைத் தேடுவார்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும்; பெயர் இரும்புக்குப் போகும். அந்தக் கூட்டத்தில் அவள் யாரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்? அவள் சொல்ல வேண்டியவர்கள் ஒரு சிலர்தான். அவள் சொல்லாமலே தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் நாம் எல்லோரும்.