சாக்ரடீஸும் ஒரு டம்ளர் ஈரமும்

அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஒரு ஜனவரிக் காலை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, 21 டிகிரி. சுவரில் தொங்கும் கிட்டாரை எடுத்து அதன் கழுத்தோரமாகக் கையை ஓட்டும் ஒருவருக்கு விரலில் ஏதோ நெருடுகிறது. ஃபிரெட் கம்பிகளின் முனைகள் ரம்பப் பற்கள் மாதிரி பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. உலோகம் வளரவில்லை, மரம்தான் சுருங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் மேற்பலகை உள்வாங்கும். தந்திகள் தாழ்ந்து ஃபிரெட்டில் உரசி இரையும். பிறகு ஏதோ ஒரு ராத்திரியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். விடிந்து பார்த்தால் பலகையில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு ஓடியிருக்கும்.

அதற்குள் அவர் காற்றில் ஈரம் ஏற்றும் ஒரு ஹியூமிடிஃபையர் வாங்கியாக வேண்டும். எதை வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். எதைக் காப்பாற்றுவதற்காக வாங்குகிறார் என்பது அவ்வளவு லேசான கேள்வி இல்லை. அதை 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸ் சிறையில் ஓர் இளைஞர் கேட்டுவிட்டார்.

கி.மு. 399. சாக்ரடீஸ் விஷம் குடிக்க வேண்டிய நாள். சுற்றி நண்பர்கள். ஆன்மா அழியாது என்று அவர் வாதாடிக்கொண்டிருக்கிறார். பிளேட்டோ அந்த நாளை எழுதிவைத்த ‘ஃபீடோ’ என்ற உரையாடலில், தீப்ஸ் நகரத்து சிம்மியாஸ் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறார். சாகப்போகிறவரிடம் கேட்கக் கூடிய சந்தேகம் அல்ல அது. ஆனாலும் கேட்கிறார். லைர் என்னும் நரம்புக் கருவியின் மரமும் நரம்பும் மண்ணைச் சேர்ந்தவை, அழியக்கூடியவை. அதில் கூடிவரும் சுருதி கண்ணுக்குத் தெரியாதது, உடலற்றது, தெய்வத்தன்மை கொண்டது. ஆன்மாவுக்கு சாக்ரடீஸ் கொடுக்கும் அத்தனை அடைமொழியும் சுருதிக்கும் பொருந்திவிடுகிறது. ஆனால் கருவி உடைந்தால் முதலில் போவது அந்த தெய்வத்தன்மை கொண்ட சுருதிதான். மரத்துண்டும் அறுந்த நரம்பும் அதன் பிறகும் வெகுநாள் கிடக்கும். அப்படியானால் ஆன்மாவின் கதி என்ன?

இதில் பலரும் வேகமாகக் கடந்துபோய்விடும் ஒரு வாக்கியம் உண்டு. உடலை இழுத்துக் கட்டி வைத்திருப்பவை சூடும் குளிரும், வறட்சியும் ஈரமும். இவை தக்க அளவில் கலந்திருக்கும்போது உண்டாகும் இசைவுதான் ஆன்மா என்கிறார் சிம்மியாஸ். கிட்டாரோடு வரும் பராமரிப்புக் கையேட்டிலும் கிட்டத்தட்ட இதுவே எழுதியிருக்கும், ஒரு எண்ணைச் சேர்த்து. 1833-இல் தொடங்கி இன்று பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் இயங்கும் மார்ட்டின் நிறுவனம் சொல்லும் அளவு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம்.

குளிர்காலத்தில் அந்த அளவு ஏன் கிடைப்பதில்லை? வெளியே பனி கொட்டிக் கிடக்கும்போது உள்ளே வறட்சி என்பது நம்மூர்க்காரர் காதுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். குளிர்ந்த காற்றுக்கு ஈரத்தைத் தாங்கும் திராணி குறைவு என்பதுதான் விஷயம். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று இரண்டு கிராமுக்குச் சற்று மேல் நீராவியோடு நிறைந்துவிடும். அதே காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை கொள்ளும். கையில் இருப்பது அதே இரண்டு கிராம். வெளியே ‘நூறு சதவீதம்’ என்றிருந்த காற்று உள்ளே 13 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சமையலும் குளியலும் மனிதர்களின் மூச்சும் சேர்ந்து அதை 20-க்கு ஏற்றலாம். பற்றாக்குறையை அந்தக் காற்று அறையில் உள்ள எல்லாவற்றிலிருந்தும் உறிஞ்சுகிறது: உதடு, மூக்கு, மேசை, கிட்டார்.

45 சதவீத ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் ஏறக்குறைய எட்டரை சதவீதம் நீரை வைத்திருக்கும். 20-க்கு இறங்கினால் அது நாலரையாகிவிடும். ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த மேற்பலகை 40 சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், அந்த இழப்பில் குறுக்குவாட்டில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். பார்க்கும், அவ்வளவுதான், சுருங்க விடமாட்டார்கள். பலகையின் அடியில் குறுக்கே ஒட்டிய தாங்குசட்டங்கள் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். மூன்று மில்லிமீட்டர் கூடக் கனமில்லாத ஒரு பலகை, சுருங்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் தவிக்கிறது. அந்த இழுபறியின் முடிவுதான் ராத்திரியில் கேட்கும் ‘டப்’.

மரம் இன்னும் மூச்சுவிடுகிறது என்று கிட்டார்க்காரர்கள் நெகிழ்ந்து சொல்வார்கள். அழகான பேச்சுதான், ஆனால் உண்மை அதைவிட விசித்திரமானது. காட்டில் பச்சையாக நிற்கும்போதே மரத்தின் வைரப்பகுதி செத்துப்போன திசுதான். உயிரோடிருந்தபோதும் மூச்சுவிடாத கட்டை, செத்த பிறகு நூற்றாண்டுக்கணக்கில் காற்றின் ஈரத்தை ஏற்றும் இறக்கும். உயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சுருதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்த ஓர் அரசன் கதை பௌத்தர்களின் சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. வாழ்நாளில் முதன்முறையாக வீணையைக் கேட்டவன் அந்த ஒலியைக் கொண்டுவரச் சொல்கிறான். வீணையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கட்டை வேண்டாம், ஒலிதான் வேண்டும் என்கிறான். குடம், தண்டு, தந்தி, வாசிப்பவரின் முயற்சி எல்லாம் கூடினால்தான் ஒலி என்று விளக்குகிறார்கள். அரசன் விடவில்லை. வீணையைப் பத்தாக, நூறாகப் பிளந்து, எரித்து, சாம்பலைக் காற்றில் தூற்றிவிட்டு, வீணை என்பதே ஒன்றுமில்லாத பொருள் என்று சலித்துக்கொள்கிறான். ‘நான்’ என்று பிடித்துக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை என்று காட்டப் புத்தர் சொன்ன கதை இது. சிம்மியாஸ் பயந்த இடத்தில் பௌத்தம் நிம்மதியைப் பார்க்கிறது.

கிட்டார் வைத்திருப்பவருக்கு இரண்டுமே உதவாது. அவருக்குக் கட்டையும் வேண்டும், ஒலியும் வேண்டும், அதுவும் ஏப்ரல் வரை.

சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மீட்டர் நீள அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறை என்றால் 40 கனமீட்டர் காற்று. அதை 20 சதவீதத்திலிருந்து 45-க்கு ஏற்ற எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 183 கிராம், அதாவது ஒரு டம்ளர். இதைக் கேட்டவுடன் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது, ஏனென்றால் வீடு ஒழுகுகிறது. ஒரு மணி நேரத்தில் அறைக் காற்றில் பாதி வெளியே போய் வறண்ட காற்று உள்ளே வருகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 90 கிராம், நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 45 சதவீதம் என்பது ஒருமுறை எட்டிவிட்டு ஓய்வெடுக்கும் இடம் அல்ல. ஓட்டைக் குடத்தில் நீர்மட்டத்தை ஒரே கோட்டில் நிறுத்திவைக்கும் வேலை அது. மேசைமேல் வைக்கும் அரை லிட்டர் கருவி, எவ்வளவு அழகாகப் புகைவிட்டாலும், இந்த வேலைக்கு ஆகாது.

சந்தையில் கவர்ச்சியாக இருப்பது அல்ட்ராசோனிக் வகை. அதிர்வால் தண்ணீரைப் பொடித்துத் தூவும். சத்தமில்லை, மின்செலவும் குறைவு. ஆனால் தண்ணீரில் உள்ள உப்பையும் சேர்த்தே தூவிவிடும். கிட்டார்மேல், புத்தகத்தின்மேல், நுரையீரலுக்குள் வெள்ளைப் பொடி போகும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் தப்பலாம். தினம் இரண்டு லிட்டர் வாங்கிக் கட்டுபடியாகுமா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வகை சுத்தமானது, மின்சாரம் தின்னும். நனைந்த திரி வழியாக விசிறி காற்றை இழுக்கும் வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அறையில் ஈரம் ஏற ஏறத் திரி உலர்வது தானாகவே மெதுவாகும். மிஞ்சிப்போகாமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் இந்தக் கருவியைத் தத்துவ வாசகர்கள் விரும்புவார்கள். இதிலும் இலவசம் எதுவும் இல்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.7 யூனிட் வெப்பம் வேண்டும். அது பிளக்கிலிருந்து வராவிட்டால் அறையின் சூட்டிலிருந்து போகும், ஹீட்டர் அதை ஈடுகட்டும். எந்த வகையானாலும் தொட்டியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் உள்ளே வழவழப்பு படியும், கிருமி வளரும், கிட்டார் பிழைத்து ஆள் இருமுவார்.

கருவியைவிட முக்கியமானது காற்றின் ஈரத்தை அளக்கும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சொதசொதவென்று நனைகிற அளவு தண்ணீர் விட்டு, ஹைக்ரோமீட்டரோடு ஒரு டப்பாவில் ராத்திரி முழுக்க மூடிவைத்தால் உள்ளே ஈரப்பதம் 75-இல் நிற்கும். காட்டி வேறு எண்ணைச் சொன்னால் அந்த வித்தியாசத்தை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அளக்காமல் ஓட்டும் ஹியூமிடிஃபையர், பலன் தெரியாமல் செய்யும் சடங்குதான்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிட்டாருக்கு இதமான ஈரம் வீட்டுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே குளிர் முற்றும்போது அறை 45-இல் இருந்தால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் பலர் அறையைக் காப்பாற்றும் முயற்சியைக் கைவிட்டு, கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, 49 சதவீதத்தில் நிறுத்தும் உப்புக்கரைசல் பொட்டலத்தைக் கூடவே போட்டு மூடிவிடுகிறார்கள். செலவும் தொல்லையும் குறைவு. ஆனால் பெட்டிக்குள் போன கிட்டாரை எடுத்து வாசிக்கும் நாட்கள் குறையும் என்பது, கிட்டார் வைத்திருக்கும் யாரும் சத்தியம் செய்து மறுக்க முடியாத உண்மை.

இதே பிளவு பெரிய இடங்களிலும் உண்டு. ஸ்ட்ராடிவாரி 1716-இல் செய்த ‘மெசையா’ வயலின் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பின்னால் வரும் வினைஞர்கள் பார்த்துக் கற்க, புதுக்கருக்கு மாறாமல் இருக்கட்டும் என்று, வயலின் வணிகர்களான ஹில் குடும்பத்தார் கொடுத்தது. அதை யாரும் வாசிப்பதில்லை. வயலின் மேதை பகானினி ஜெனோவா நகருக்கு விட்டுச்சென்ற, 1743-இல் குவார்னேரி செய்த வயலினும் காவலில்தான் இருக்கிறது. ஆனால் அவ்வப்போது வெளியே எடுத்து வாசிக்கிறார்கள், அவர் பெயரிலான போட்டியில் வென்றவர்களுக்கும் அது வாசிக்கக் கொடுக்கப்படுகிறது. மூன்றாவது ஒரு வழியும் உண்டு. பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் வைத்திருக்கும் ‘ட்ரிக்கர்’ என்ற மார்ட்டின் கிட்டாரின் மேற்பலகையில், மீட்டி மீட்டித் தேய்ந்தே ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. சீர்செய்து சீர்செய்து அதையே வாசிக்கிறார். சிம்மியாஸின் கணக்குப்படி மெசையாவில் லைர் இருக்கிறது, சுருதி இல்லை. ட்ரிக்கரில் சுருதி லைரைத் தின்றுகொண்டே வாழ்கிறது.

தமிழுக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு பாக்கி இருக்கிறது. பழைய யாழ் ஒன்றுகூட நம் கையில் இல்லை. மரம், நரம்பு, தோல் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியவை சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் சொல்லும் நரம்பு முறைகள். விபுலானந்த அடிகள் அவற்றிலிருந்து சுருதிகளின் அளவைக் கணக்கிட்டு 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். மரம் மிஞ்சும், சுருதி முந்திப் போகும் என்றார் தீப்ஸ் இளைஞர். இங்கே மரம் முந்திப் போய்விட்டது.

சாக்ரடீஸ் சிம்மியாஸுக்குச் சொன்ன பதில்களில் ஒன்று: சுருதி தன் உறுப்புகளைப் பின்தொடருமே தவிர அவற்றுக்குக் கட்டளையிடாது. நரம்பு தளர்ந்தால் சுருதி தளரும், அதற்கு வேறு வழியில்லை. ஆன்மா அப்படியல்ல, பசியையும் கோபத்தையும் எதிர்த்து நின்று உடலை அதட்டுகிறது. ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸ் தன் மார்பில் அறைந்து நெஞ்சைக் கண்டிக்கும் இடத்தைச் சான்றாகக் காட்டுகிறார். ஆகவே ஆன்மா சுருதி அல்ல. வாதம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாக்ரடீஸ் பார்த்தது ஏதென்ஸின் லைர். மினியாபொலிஸின் ஜனவரியை அவர் பார்த்ததில்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து, காலியான தொட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போகிறாரே அந்தக் கிட்டார்க்காரர், அவரை எழுப்பியது எது? கட்டை எழுப்பவில்லை, அதற்கு வாயில்லை. உடம்பு தூங்கத்தான் சொன்னது. நாளைக்கு ஜி ஸ்ட்ரிங் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற நினைப்பு அவரைக் குழாயடிக்கு அனுப்புகிறது. சுருதி, தன் மரத்துக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது, ஓர் ஆளை வேலைக்கு வைத்து. சிம்மியாஸ் இதைச் சொல்லியிருந்தால் சாக்ரடீஸ் எப்படி மடக்கியிருப்பார் என்று தெரியாது. மடக்கியிருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

ஏப்ரலில் பனி உருகும். ஒரு நாள் ஹைக்ரோமீட்டர், தொட்டியில் தண்ணீர் இல்லாமலேயே 44 காட்டும். அவர் திரியைக் கழற்றி எறிந்துவிட்டு, தொட்டியை வினிகர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பார். கிட்டாரை எடுத்துக் கழுத்தோரமாகக் கையை ஓட்டிப் பார்ப்பார். ஃபிரெட் முனைகள் பலகைக்குள் போயிருக்கும்.