சொல்லாமல் விட்ட வாக்கியம்

மக்கள் கலங்கிவிடுவார்களே என்று உண்மையில் ஒரு பாதியை மறைப்பது அன்பாகுமா? நம்முள் பலரும் ஆகும் என்றே எண்ணுகிறோம். பிரிட்டன் கண்ட அனுபவமோ வேறு.

1986-இல் அந்நாட்டு மாடுகளிடையே மூளையைச் சிதைக்கும் புதிய நோயொன்று கண்டறியப்பட்டது. 1989-இல் சவுத்வுட் தலைமையிலான அறிஞர் குழு, இதனால் மனிதருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது. தம் கணிப்பு பிழையானால் விளைவு மிகக் கடுமையாயிருக்கும் என்றும் சேர்த்துரைத்தது. முதல் வாக்கியம் எங்கும் ஒலித்தது. இரண்டாவது மங்கி மறைந்தது. 1990-இல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், புகைப்படக்காரர்கள் சூழத் தம் சிறுமகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை ஊட்ட முயன்றார். 1996 மார்ச் 20 அன்று, அந்நோய் மனிதரையும் பற்றியிருக்கக்கூடும் என அரசே பாராளுமன்றத்தில் அறிவித்தது. பிரிட்டனில் மட்டும் 170-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2000-இல் வெளியான பிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு பொய்யுரைத்ததாகக் கூறவில்லை. மக்கள் பீதியடைவரோ என்னும் அச்சமே அதனை ஆட்டுவித்ததாகக் கண்டது. நம்மை இங்கே சிந்திக்க வைப்பது இதுவே. "தீங்குக்குச் சான்று இல்லை" என்பது வேறு; "தீங்கு இல்லை" என்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பாமரர் தாங்கமாட்டார் என்று கருதுவது அன்பன்று. அவரைச் சிறுவராக்கும் செருக்கு.

அதே ஆண்டு தோன்றிய உணவுத்தர முகமை, தன் நிர்வாகக் குழுக் கூட்டங்களைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே நடத்தத் தொடங்கியது. தடுப்பூசியாயினும் மரபணு மாற்றிய பயிராயினும் அறிவியலாளர் கற்கவேண்டிய பாடம் இதுவே. அறிந்ததை அறிந்த அளவிலும், அறியாததை அறியாததாகவும் உரைப்பவரையே நாளை நாம் நம்புவோம்.