கைப்பேசியும் கன்மமும்

செய்தவன் ஒருவனும் பயன் நுகர்வான் மற்றொருவனுமாதல் இல்லை என்பது நம் சமய நூல்களுக்கெல்லாம் ஒத்த முடிபாம். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று வாயில்களானும் வினை ஈட்டப்படும் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆயினும் இக்காலத்துப் புதியதோர் ஐயம் தோன்றியுள்ளது. தான் சொல்லாத சொல்லை, தான் எழுதாத எழுத்தை, பிறர்பாலிருந்து பெற்று, கைப்பேசியின்மேல் விரலை ஒருமுறை வைத்த அளவிலே பலர்க்கும் அனுப்பிவிடுகின்றான் ஒருவன். அச்சொல் பொய்யாயிருந்து, அதனால் ஒருவர்க்குத் தீங்கு நேரின், அத்தீவினை யாரைச் சாரும்? முதற்கண் புனைந்தானையா? இடைநின்று அனுப்பினானையா? அன்றிக் கருவியின் குற்றம் என்று விடுத்தல் அமையுமா? இதனை ஆராய்தலே ஈண்டு எம் கருத்து.

இக்கருவி நம்மிடைப் புகுந்த வரலாற்றை முன்னர்ச் சுருங்கக் கூறுவாம். சென்னையிலே தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது 1882-ஆம் ஆண்டில். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொலைபேசி கம்பியாற் கட்டுண்டு ஓரிடத்தே கிடந்தது. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியியலறிஞர் நியூயார்க்கு நகரத் தெருவில் நின்று கையிற் கொண்ட கருவியாற் பேசினார். அக்கருவி ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடையது. இந்தியாவில் 1995-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் முதன்முதற் பேசினார். அந்நாளில் ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினாறு உரூபா வரை ஆயிற்று. அழைத்தாரேயன்றி அழைக்கப்பட்டாரும் பொருள் கொடுத்தனர். 2003-இல் அழைக்கப்பட்டார்க்குரிய கட்டணம் ஒழிந்தது. 2016-க்குப் பின் இணையமும் மிக்க மலிவாயிற்று. செல்வர் சிலர்க்கே உரியதாயிருந்த பொருள் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஏழையர் கையிலும் வந்து அமர்ந்தது.

இன்று யாம் வாழும் மந்தைவெளியிலே இராமகிருஷ்ண மடம் சாலை வழியே காலையிற் செல்வார் எவர்க்கும் இதன் ஆட்சி இனிது விளங்கும். பூக்காரியின் கூடைமேல் ஒரு கட்டம் ஒட்டப்பட்டிருக்கின்றது. வாங்குவார் அதனைக் கைப்பேசியாற் படித்துப் பணம் செலுத்துகின்றனர். பறக்கும் இரயில் நிலையத்திலே வண்டிக்குக் காத்திருப்பாருள் தலை நிமிர்ந்து நிற்பாரைத் தேடியே காணல் வேண்டும். இல்லங்களிலோ, கடல்கடந்து வாழும் மகன் முகத்தை நாடோறும் கண்டு மகிழும் தாயருளர். ஒரே கூடத்தில் எதிரிருக்கும் மகன் முகத்தைக் காணப்பெறாது அவன் நெற்றியையே கண்டு அமர்ந்திருக்கும் தாயருமுளர். கருவி ஒன்றே, பயன் இரண்டாயிற்று.

இது பற்றி இருவேறு கொள்கையர் உளர். கைப்பேசியே தீது, அதனை விட்டொழித்தல் வேண்டும் என்பார் ஒருசாரார். அவர் கூற்றுப் பொருந்தாது. என்னை? கேரளத்தின் வடபகுதிக் கடற்கரையிலே 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவிய காலத்து, மீனவர் கடலில் இருந்தவாறே எக்கரையில் விலையுண்டு என்று கேட்டறிந்து அக்கரைக்கே படகைச் செலுத்தினர். வாங்குவாரின்றி வீணாகிய மீன் வீணாகாதொழிந்தது. ஊருக்கு ஊர் விலை வேறுபாடும் குறைந்தது. இராபர்ட் சென்சன் என்னும் பொருளியலறிஞர் இதனை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். செவிப்புலன் இல்லார் இருவர் சேய்மைக்கண் இருந்தும் கைச்சைகையால் உரையாடுதல் இதனாற் கூடிற்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் ஊரடங்கிய பின்னர், பள்ளிச் சிறார் பலர்க்குப் பாடம் கிடைத்த வழியும் இதுவே. மாயையின் காரியங்களாகிய உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும், ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் விளக்குப்போல் உதவுவன என்பது சித்தாந்தம். கைப்பேசியும் அம்மாயா காரியங்களுள் ஒன்றே. விளக்கைப் பழித்து இருளிலிருத்தல் அறிவுடைமை அன்று.

கருவிக்கு நன்மையும் தீமையும் இல்லை, ஆதலின் ஆராய்தற்கு ஒன்றுமில்லை என்பார் மற்றொரு சாரார். அதுவும் பொருந்தாது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் கொள்கை. பளிங்கானது தன்னருகே வைத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டும். அங்ஙனமே, நாளின் பெரும்பகுதி யாதொன்றைச் சார்ந்திருக்கின்றதோ அதன் விரைவும் அலைவும் உயிரின் விரைவும் அலைவும் ஆகிவிடும். மந்தைவெளி என்னும் ஊர்ப்பெயர் மந்தை மேயும் வெளி என்று பொருள்படுவது. நம் நூல்கள் உயிரைப் பசு என்று வழங்குவதற்குக் காரணம் அது கயிற்றாற் கட்டுண்டு கிடத்தலே. கயிற்றைத் தானே கையிற்பற்றி, அதனைத் தன் உடைமை என்று மகிழ்வதும் கட்டுண்ட பசுவின் இயல்பு போலும்.

இனி, இக்கருவி உயிர்க்குச் செய்த மாற்றம் யாதென நோக்குவாம். உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என மூன்று ஆற்றல்கள் உளவென்பர். விழைதல், அறிதல், செய்தல் என்பன அவை. விழைந்ததை அறிந்து பின் செய்வானே மகன். விழைந்தவாறே செய்வது விலங்கு. ஆதலின், விழைவுக்கும் செயலுக்கும் நடுவே அறிவு வந்து நிற்பதற்குச் சிறிது இடம் வேண்டும். பண்டு அவ்விடத்தை உலகமே அமைத்துக் கொடுத்தது. சினத்தோடு ஒருவன் கடிதம் எழுதத் தொடங்கினும், தாள் தேடி, எழுதி, மடித்து, தலை ஒட்டி, தெருக்கோடியிலுள்ள அஞ்சற்பெட்டிக்கு நடக்குமுன் சினம் பாதி ஆறும். கடிதம் கிழிபடுதலும் உண்டு. தந்தி கொடுப்பானோ ஒவ்வொரு சொல்லுக்கும் காசு எண்ணினான். அத்தந்தியும் 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிறுத்தப்பட்டது. தெருவெங்கும் தொலைபேசிச் சாவடிகள் இருந்த காலத்தில், பேசுவான் கண்முன்னே கட்டணத்தைக் காட்டும் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தவண்ணம் சொல்லை அளந்து பேசினான். கைப்பேசி இவ்விடைவெளியை முற்றும் துடைத்துவிட்டது. இச்சை எழுந்தது, விரல் அசைந்தது, கிரியை முடிந்தது. நடுவே ஞானம் நிற்பதற்கு இடமேயில்லை.

இதனால் நேர்ந்த கேட்டிற்குச் சான்று தொலைவிற் சென்று தேட வேண்டா. 2018-ஆம் ஆண்டு தமிழகத்தின் வடமாவட்டங்களிலே, பிள்ளை பிடிப்பார் ஊர்தோறும் திரிகின்றனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியே பரவிற்று. அவ்வாண்டு மே மாதத்தில், சென்னையிலிருந்து தம் குலதெய்வ வழிபாட்டின்பொருட்டு உறவினருடன் சென்ற முதிய பெண்மணி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை அடுத்ததோர் ஊரிலே, வழியிற் கண்ட குழந்தைகட்கு இனிப்புக் கொடுத்தார். அதனைக் கண்டார் அவரைப் பிள்ளை பிடிப்பவரெனக் கொண்டனர். கூட்டம் சூழ்ந்து அடித்தது; அவர் உயிர் நீத்தார். அதே ஆண்டு சூலை முதல் நாள், மகாராட்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் ஐவர் இவ்வாறே கொல்லப்பட்டனர். குழந்தைக்கு அன்பாற் கொடுத்த இனிப்பே கொடுத்தார்க்குக் கூற்றாயிற்று என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது.

இனி நம் வினாவிற்கு வருவாம். அச்செய்தியை அனுப்பினாருட் பலர் அவ்வூரைக் கண்டவரும் அல்லர். அம்மூதாட்டியை அறிந்தவரும் அல்லர். அவர்க்கு வினை உண்டோ?

“யான் புனைந்திலேன்; பிறர் புனைந்ததை அனுப்பினேன், அவ்வளவே” என்பான் ஒருவன். அற்றன்று. நாவாற் சொல்லினும் விரலால் அனுப்பினும் கேட்பானுக்கு அது சொல்லே. முன்னர் ஒருவன் சொன்னமையாற் பின்னர்ச் சொன்னவன் சொல்லாதவன் ஆகான். அறிமுகமில்லான் சொன்னாற் கேளாத செய்தியை, தெரிந்தவர் அனுப்பினார் என்னும் அதனாலேயே மக்கள் மெய்யெனக் கொள்கின்றனர். ஆகலின் இடைநின்றான் வெறுங் குழாய் அல்லன். பொய்க்குத் தன் நற்பெயரைப் பிணையாகக் கொடுத்தவனாவான்.

“பொய்யென்று அறியேன், குழந்தைகளைக் காத்தல் வேண்டுமென்னும் நல்லெண்ணத்தாலேயே அனுப்பினேன்” என்பான் மற்றொருவன். எண்ணத்தின் நன்மை வினையின் கொடுமையைக் குறைக்கும் என்பதை யாமும் மறுக்கிலேம். எனினும், இருளில் கைக்கு அகப்பட்ட மருந்தை இன்னதென்று நோக்காது குழந்தைக்குப் புகட்டிய தாய் ஒருத்தி, அன்பினாற் புகட்டினேன் என்பாளாயின், அவள் அன்பை யாரும் ஐயுறார். நோக்காமையை யாரும் பொறுத்தலும் செய்யார். அறிய இயலாமை வேறு, அறிய முயலாமை வேறு. முன்னது இரங்கற்குரியது, பின்னது வினைக்கு வித்தாவது.

“பல்லாயிரவருள் யான் ஒருவன், என் பங்கு கடுகளவினும் சிறிது” என்பான் மூன்றாமவன். வினை சொத்துப்போற் பங்கிடப்படுவது அன்று. ஒரு விளக்கினின்று ஆயிரம் விளக்கு ஏற்றினும் ஒவ்வொன்றன் தீயும் முழுத்தீயே. அடித்தார் வினை அடித்தார்க்கே உரியது. அதிற் பிரித்து அனுப்பினார்க்கு ஒரு பங்கு கொடுத்தல் எம் கருத்தன்று. ஆயின் அறியாது அனுப்பிய வினை அனுப்பினான் ஒவ்வொருவனுக்கும் முழுமையாக உண்டு.

அக்கொடுமைகளின் பின்னர், 2018 சூலையில், அந்நிறுவனத்தார் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்கட்கு மேல் அனுப்பவொண்ணாதவாறு இந்தியாவில் வரையறை செய்தனர். விழைவிற்கும் செயலிற்கும் நடுவே சிறிது தடையிட்டது நன்றே. ஆயினும் பொய் ஒருவர்க்குச் செல்லினும் பொய்யே. ஆறாவதைத் தடுப்பது பொறி. முதலாவதைத் தடுப்பது அறிவன்றோ?

இக்குறை இளையோர்க்கே உரியதென்று முதியோர் மகிழ வேண்டா. சமயப் பற்றுடைய நம்மனோரிடையே நாடோறும் உலவுவன யாவை? திருமூலர் பெயரால் அவர் பாடாத பாட்டுக்கள். சித்தர் பெயரால் எவரும் ஆராயாத மருந்துகள். இன்ன செய்தியைப் பதின்மர்க்கு அனுப்பினாற் பொருள் சேரும், அனுப்பாவிடிற் கேடு சூழும் என்னும் அச்சுறுத்தல்கள். நூலிலே ஒரு பாடவேறுபாட்டைத் துணிதற்குச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிய முன்னோர் மரபில் வந்தோம் என்போர், ஏட்டைத் திறந்து பாராமலே அருளாளர் வாக்கென்று ஒன்றை அனுப்புதல் எத்துணைப் பெரிய பிழை!

திருக்கோயிலிலும் இதுவே நிகழ்கின்றது. திருமயிலையில் பங்குனித் திருவிழாவின்போது அறுபத்துமூவர் எழுந்தருளுங்கால், கூப்பிய கைகளைவிடக் கைப்பேசி ஏந்திய கைகளே மிக்குத் தோன்றுகின்றன. பின்னர்க் காண்போம் என்று படம் பிடிக்கின்றனர். முன்னர் நிற்பதைக் காணாது விடுகின்றனர். ஈண்டும் அறிதலை முந்திச் செய்தல் நிற்கின்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 மார்ச்சு முதலே கைப்பேசி விலக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள், திருச்செந்தூர்க் கோயில் பற்றிய வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களிலெல்லாம் கைப்பேசியை விலக்குமாறு அறநிலையத்துறைக்கு ஆணையிட்டது. இவ்வாணையை யாம் வரவேற்கின்றேம். ஆயினும் வாயிலில் ஒப்படைத்த கருவி கையை விட்டு நீங்கியதேயன்றி மனத்தை விட்டு நீங்கியதோ என்பதை அவரவரே அறிவர்.

முன்னோர் நம்மினும் பொறையுடையர் என்று இதனாற் கொள்ளுதல் வேண்டா. அவர்க்கு நடையும் காசும் தடையாய் நின்றன. தடையினாலே தீது செய்யாமை அடக்கம் எனப்படாது. இன்று அத்தடைகள் யாவும் நீங்கின. தடுப்பார் ஒருவருமில்லாத இடத்தே தன்னைத் தான் தடுப்பானாயின் அவன் அடக்கமே மெய்யான அடக்கம். ஆதலின் இக்கருவி தீவினைக்கு வாயிலாதலேயன்றி, அறிந்து நடப்பானுக்கு நோன்பிற்கும் வாயிலாம் என்க.

அந்நோன்பு அரியதன்று. ஒரு செய்தி கைக்கு வந்துழி மூன்று வினவுக. இதனை முதற்கண் சொன்னவர் இன்னார் என்று யான் அறிவேனோ? இதனை என் வாயால், உரியவர் முகத்தெதிரே சொல்லத் துணிவேனோ? நாளை அனுப்பினால் இது கெட்டுவிடுமோ? முதலிரண்டற்கும் இல்லை என்பது விடையாயின் விரலை எடுத்துக்கொள்க. மூன்றாவதற்கு இல்லை என்பது விடையாயின், நாளையே அனுப்புக. பண்டு அஞ்சற்பெட்டி வரை நடந்த தூரத்தை இன்று மனத்தினுள்ளே நடத்தல் வேண்டும். அவ்வளவு தூரம் அன்று யாரேனும் நடந்திருப்பின், போளூர் வழியில் இனிப்புக் கொடுத்த அம்மூதாட்டி தம் குலதெய்வத்தை வழிபட்டு இல்லம் மீண்டிருப்பார். அறிஞர் ஆராய்ந்து கொள்க.