அழுத கண்ணும் அழாத கண்ணும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நான் ஆலிம் அல்லன். சிறு வயதில் மத்ரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்ததும் தவிர, மற்றதெல்லாம் இந்தப் பினாங்கில் கல்லாவில் உட்கார்ந்து கற்றதுதான். ஆயினும், நம்மில் பலருக்கு நேர்ந்த ஒரு சங்கடம் எனக்கும் நேர்ந்தபடியால், அது பற்றி ஆலிம்சாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதத் துணிகிறேன்.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் நாகூரில் என் உம்மா மவுத்தானார்கள். மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. இந்தியாவுக்கு விமானமும் நின்றுபோயிற்று. அங்கே ஜனாஸாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற உத்தரவு. உம்மாவின் மையித்தைச் சந்தூக்கில் தூக்கிச் செல்வதை நான் கடையின் மாடியில் நின்று கைப்பேசியில் பார்த்தேன். பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்ததால், கடைப் பையன்களை வைத்துக்கொண்டு காயிப் ஜனாஸா தொழுதேன். (நமது ஷாபியீ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. ஹனபீ மத்ஹபில் இல்லை. ஆகையால் ராவுத்தர் நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து துஆச் செய்தார். அதற்காக நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.)

அன்று எனக்குக் கண்ணீர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாதங்கள் போயின, கணக்கு எழுதினேன், சரக்கு எடுத்தேன், வரவில்லை. ஊரிலோ என் லாத்தா, ஒரு வருஷம் கழிந்தும் அழுதுகொண்டே இருந்தாள். உலை வைத்தால் அழுகை, பாங்குச் சப்தம் கேட்டால் அழுகை. ஜனங்கள் இருவரையும் விடவில்லை. எனக்குக் "கல் நெஞ்சக்காரன்" என்று பெயர். அவளுக்கு "சபூர் இல்லாதவள்" என்று பெயர். போதாக்குறைக்கு, "நீ அழுதால் கபுரில் உம்மாவுக்கு வேதனை" என்று ஒருவர் சொல்லிவைக்க, அவள் அழுகையோடு பயமும் சேர்ந்துகொண்டது.

சகோதரர்களே, சபூர் என்றால் கண்ணை உலர வைத்திருப்பது என்று நமக்கு யார் சொன்னது? நபி யஃகூப் (அலை) அவர்கள், யூசுபை ஓநாய் தின்றுவிட்டது என்று பிள்ளைகள் வந்து சொன்னபோது, அழகிய பொறுமையை மேற்கொள்வதாகச் சொன்னார்கள். யூசுப் சூராவில் அதே நபி, அழுதழுது கண்கள் வெளுத்துப்போனார்கள் என்றும் வருகிறது. அழகிய பொறுமை சொன்ன வாயும் பார்வை இழந்த கண்ணும் ஒரே மனிதருடையவை. அவரைக் கடிந்துகொண்டவர்கள் அவருடைய பிள்ளைகள். அல்லாஹுத் தஆலா கடிந்துகொள்ளவில்லை. தம் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர் பிள்ளைகளுக்குப் பதில் சொன்னார்.

நமது நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது அழுதார்கள். மகளாரின் பிள்ளை உயிர் பிரியும் தறுவாயில் அழுதபோது ஸஅது (ரலி) ஆச்சரியப்பட்டுக் கேட்க, இது அல்லாஹ் இருதயத்தில் வைத்த ரஹ்மத் என்று விளக்கினார்கள். கண்ணீருக்கும் மனவருத்தத்துக்கும் தண்டனை இல்லை; நாவைத்தான் காக்க வேண்டும் என்பதும் அவர்கள் கற்பித்ததே. கன்னத்தில் அறைந்துகொள்வதும், சட்டையைக் கிழிப்பதும், ஒப்பாரி வைப்பதும்தான் விலக்கப்பட்டவை. கபுர் வேதனை பற்றிய ஹதீஸும் ஓலத்தைக் குறித்தது, கண்ணீரைக் குறித்தது அன்று என்று இமாம் நவவீ போன்றோர் விளக்கியுள்ளார்கள். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்ற ஆயத்தைக் காட்டி ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே அந்தச் சொல்லை மறுத்துரைத்தார்கள். இதை லாத்தாவுக்குப் போனில் மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறைதான் நம்பினாள்.

அழுகை வராதவர் சங்கதி என்ன? நாயகம் (ஸல்) அவர்களின் அன்னை ஆமினா அவர்கள், பிள்ளைக்கு ஆறு வயதாக இருக்கையில் அப்வாவில் மறைந்தார்கள். பிற்காலத்தில், நபியாகித் தோழர்கள் சூழ இருந்த காலத்தில், அந்தக் கபுரைத் தரிசிக்கப் போன நாயகம் அவர்கள் அழுதார்கள். உடன் நின்றவர்களும் அழுதார்கள். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது! துக்கத்துக்குத் தவணை குறித்த கடன்சீட்டு ஏதும் இல்லை.

துக்க வீட்டுக்கு நாம் கொண்டுபோவது உபதேசம். முஅத்தா யுத்தத்தில் ஜஅபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது நாயகம் அவர்கள் அந்த வீட்டாருக்குச் சாப்பாடு ஆக்கி அனுப்பச் சொன்னார்கள். ஆயிஷா நாயகி அவர்கள் துக்க வீட்டில் 'தல்பீனா' என்ற கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அது துக்கத்தைச் சிறிது போக்கும் என்பது நபிமொழி. நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த நமக்கு இது சிரமமா?

ஆனால் ஒன்று. ஊண் உறக்கம் கெட்டு, மாதக்கணக்கில் வீட்டு வேலையும் ஓடாமல் போனால் மருத்துவரிடம் போவது ஈமானுக்குக் குறைவாகாது. 934இல் மறைந்த அபூ ஸைது அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நோயையும் மன நோயையும் ஒரே நூலில் வைத்து வைத்தியம் எழுதினார். உலக சுகாதார ஸ்தாபனமும், 6 மாதம் கடந்தும் ஆளை முடக்கிப்போடும் துக்கத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அப்பட்டியல் 2022இல் அமலுக்கு வந்தது. லாத்தாவை நாகப்பட்டினத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகச் செய்தோம். இப்போது அழுகிறாள், ஆனால் சாப்பிட்டுவிட்டு அழுகிறாள்.

எல்லை திறந்ததும், 2022 நோன்புப் பெருநாள் கழித்து ஊர் போனேன். கபுரடியில் நின்று யாஸீன் ஓதினேன். கண்ணீர் வரவில்லை. திரும்பும்போது லாத்தா ஒரு மூட்டை கட்டித் தந்தாள். பினாங்கு வந்து பத்து நாள் கழித்து, ஓர் அஸர் வேளையில் கடையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே உம்மாவின் வெற்றிலைப் பெட்டி. காய்ந்துபோன சுண்ணாம்பில் உம்மா விரலால் வழித்த தடம் அப்படியே இருந்தது. பையன் எதுவும் கேட்காமல் கதவைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். மஃரிப் பாங்கு சொல்லும்வரை அழுதேன்.

இதைப் படிக்கும் சகோதரர்கள் என் உம்மாவுக்கும், அந்த இரண்டு வருஷத்தில் ஜனாஸாவுக்குப் போக முடியாமற்போன நம்மவர் அனைவரின் மவுத்தானவர்களுக்கும் ஒரு பாத்திஹா ஓதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.